விசிட்டுக்கு வைத்த ஜாக்கெட்டுகள்

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் மஞ்சு மூடியிருந்தது. பத்து மணிக்குத்தான் ஏரி கண்ணுக்குத் தெரிந்தது. ஆபீசில் டைப் அடித்தவை: கோடை விழாவுக்குத் தற்காலிகக் கழிப்பறை கேட்டு ஒரு கடிதம், ஏரிக்கரை பஜ்ஜிக் கடைகளுக்கு நோட்டீஸ், குப்பை வண்டிப் பட்டியல். விரல் நுனி மரத்துவிட்டது.

மதியம் க.கா. கூப்பிட்டார். (கண்காணிப்பாளர் என்று முழுசாக எழுத அந்த ஆளுக்கு யோக்கியதை இல்லை.) சேலத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி அம்மா வியாழக்கிழமை ஏரியையும் படகுத்துறையையும் பார்வையிட வருகிறாராம். பயணத்திட்டம் அடிக்கச் சொன்னார். பிறகு ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "தனபாலுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

தனபால் என்பவன் படகுத்துறைக் குத்தகைக்காரரின் மேனேஜர். ஒரு வார்த்தை என்பது முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன். எட்டு வருஷமாக அதைப் போடுகிறவள் நான். எந்த உத்தரவிலும் இல்லாத வேலை. நான் போட்டால் மறுநாள் ஷெட்டிலிருந்து புது லைஃப் ஜாக்கெட் நாற்பது வெளியே வரும், மடிப்புக்கூடக் கலையாமல். ஜீப் கிளம்பியதும் மறுபடி உள்ளே போய்விடும். மற்ற நாளெல்லாம் ஜனங்களுக்குப் பழசுதான். பட்டை இற்றது, பஞ்சு பிதுங்கினது.

"சரிங்க சார்" என்றேன். போடப்போவதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று மணிக்கு நல்ல மழை. மாடித்துணி நனைந்தது. காப்பி எஸ்டேட் பக்கமிருந்து பூ வாசனை.

போன வருஷம் இதே மாதம் நடந்ததை எழுதி வைக்கிறேன். மறந்துவிடும் என்பதற்காக இல்லை. கோபம் ஆறிவிடக் கூடாது.

இவர், என் வீட்டுக்காரர், பதினொரு வருஷம் அந்த ஏரியில் துடுப்புப் போட்டவர். அன்றைக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. பெண் போட்டோவுக்கு எழுந்து நின்று தண்ணீரில் விழுந்தாள். இவர் ஜாக்கெட் பட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டை கையோடு வந்துவிட்டது. ஜாக்கெட் ஒரு பக்கம் மிதக்கிறது, பெண் ஒரு பக்கம் முழுகுகிறாள். குதித்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையேற்றினார். பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே தனபால் எங்கள் ஆபீசுக்கு வந்து, படகோட்டி குடித்திருந்தான் என்று சொன்னான். க.கா. அப்படியே அறிக்கை எழுதினார். அடிக்க என்னிடமே கொடுத்தார். அந்தப் படகோட்டி யார் வீட்டுக்காரர் என்று தெரிந்தே கொடுத்தார். "படகோட்டி மது அருந்திய நிலையில் இருந்தார்." என் பத்து விரலும் அடித்த வரி. மறுத்திருந்தால் என் வேலையும் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். தூக்கம் வருவதில்லை.

கடுங்காப்பி தவிர எதையும் தொடாத மனுஷன். அன்றிலிருந்து ஏரி ரோட்டில் கால் வைப்பதில்லை. கடைவீதிக்குக்கூட மேட்டுப்பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறார். இப்போது கொட்டச்சேடு எஸ்டேட்டில் மிளகுக் கொடி கட்டும் வேலை. போன வாரம் ரேஷன் கடையில் ஒருத்தி வாய்கூசாமல் கேட்டாள்: "குடிச்சுப்போட்டுப் படகு ஓட்டுனாரே, அவரு ஊட்டம்மாதானுங்க நீங்க?"

தனபாலும் க.கா.வும் நாசமாகப் போகவேண்டும். எழுதியாச்சு.

ஏப்ரல் 23, புதன்

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, தைலம், இவருக்கு ரப்பர் செருப்பு (8).

பயணத்திட்டத்தில் வழி என்ற இடத்தில் "குப்பனூர் வழி" என்று அடித்திருந்தேன். கொண்டை ஊசி ரோட்டில் சீசன் நெரிசல் என்று காரணம். யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த ரோட்டு அடிவாரத்து டீக்கடைக்காரன் அரசு ஜீப்பைப் பார்த்தால் தனபாலுக்குத் தகவல் சொல்லும் ஆள். குப்பனூரில் தனபாலுக்கு ஆள் இல்லை.

ஐந்து மணி. போன் பைக்குள். ஐந்தரை. கிளம்பும்போது க.கா., "சொல்லியாச்சுங்களா?" "ஆச்சுங்க சார்." அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வந்து ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். நாளைய விஷயத்தை இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வந்தார்கள். ஒன்பதே முக்கால். குள்ளமான அம்மா, கான்வாஸ் ஷூ. க.கா. கூழைக்கும்பிடு போட்டுக்கொண்டு முன்னால். நான் குறிப்பு நோட்டோடு பின்னால்.

அந்த அம்மா நேராகப் படகுத்துறைக்குப் போனார். ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பட்டையைச் சுண்டினார். கையோடு வந்தது. இன்னொன்று. அதுவும். க.கா. கண் ஷெட் பக்கம் போகிறது, பூட்டைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. நான் நோட்டைப் பார்த்தேன்.

இவ்வளவுதானா இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். டிக்கெட் கொடுக்கும் செல்வி, கரடியூர்ப் பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சூதுவாது தெரியாமல் பதில் சொன்னாள்.

"புதுசு இருக்குதுங்க மேடம். ஷெட்டுல பூட்டி வெச்சிருக்குதுங்க. அது விசிட்டுக்குங்க."

"இதுவும் விசிட்தாம்மா."

"அப்படிங்களா? யாரும் சொல்லலீங்களே."

சாவி தனபால் பாக்கெட்டில். தனபால் சேலத்தில் மச்சினன் வீட்டுக் காதுகுத்தில். பூட்டை உடைக்கச் சொன்னார். நாற்பதும் உள்ளே, பிளாஸ்டிக் கவரோடு. மறு உத்தரவு வரை படகு விடக் கூடாது என்றார். எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். வயிறு குளிர்ந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

வெயில். ஏரியில் ஒரு படகு இல்லை. குரங்குகள் மட்டும் துறையில் உட்கார்ந்திருந்தன.

தனபால் ஆபீசுக்கு வந்தான். சட்டை கசங்கி, முகம் பேயறைந்தாற்போல். க.கா. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றான்.

"அம்மிணி, ஒரு போனு போட்டிருக்கக் கூடாதுங்களா?"

"எதுக்குங்க?"

பேச்சை மாற்றினான். செல்வியை இன்றோடு நிறுத்திவிட்டதாக முணுமுணுத்தான். அவளை நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று அந்த அம்மாவுக்கு நானே எழுதிக் கேட்பேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமை வரச்சொல்கிறேன் என்று போனான். இன்னொரு வீட்டில் இன்னொரு பெயர் கெட நான் விடமாட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

க.கா. கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கு மெமோவாம். அதையும் நானே அடிக்க வேண்டுமாம். போன வருஷம்போலவே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தகவல் தெரிவிக்கத் தவறியதற்காக, அப்படின்னு அடிங்க."

அடித்தேன். "யாருக்குத் தெரிவிக்கலீன்னு போடட்டுங்க சார்?"

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். மேலே ஃபேன் சுற்றுகிறது.

"குத்தகைக்காரருக்குன்னு போடட்டுங்களா? ஆய்வு வர்றத முன்கூட்டியே சொல்லலீன்னு? நகல் அந்த மேடத்துக்கும் போகணுமுங்களே."

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அழித்துவிடச் சொன்னார். அழித்தேன். அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமையே அடித்து ஃபைலில் வைத்திருந்த தாளை அவர் முன்னால் வைத்தேன். பழைய விபத்துகளுக்கு விளக்கம் கேட்டு, விசிட் முடிந்த மறுநாளே அந்த அம்மா அனுப்பிய கடிதத்துக்குப் பதில். பட்டை அறுந்ததே விபத்துக்குக் காரணம். படகோட்டி மது அருந்தியதாக எழுதியது எந்தப் பரிசோதனையும் இல்லாமல், மேலாளர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எழுதியது. அந்த வரி நீக்கப்படுகிறது.

இரண்டு தடவை படித்தார். "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கலீங்கம்மா" என்றார். நானும்தான் போன வருஷம் நீங்கள் அப்படிப் பண்ணுவீர்கள் என்று நினைக்கவில்லை என்றேன். கையெழுத்துப் போட்டார். சீல் நானே வைத்தேன், அழுத்தி.

ஏப்ரல் 29, செவ்வாய்

நகலை இவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தைலம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். ஏரி ரோட்டில் இறங்கினார். வாசலில் நின்று வளைவு வரைக்கும் பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

திரும்ப ஒரு மணி நேரம். நேற்றைய உத்தரவின்படி படகு விட ஆரம்பித்துவிட்டார்களாம். "எல்லாத்துக்கும் புதுசு போட்டிருக்கறாங்க புள்ள. பட்டை நொம்ப கெட்டி. இழுத்துப் பாத்தேன்." தைலம் மறந்துவிட்டார்.

மே 2, வெள்ளி

மாவு அரைக்க வேண்டும். குடை ரிப்பேர்.

நாலாவது நாளாகக் காலையில் தனபால் போன். "அடுத்த விசிட்டு எப்பங்க அம்மிணி? கோவிச்சுக்காம ஒரு வார்த்தை."

"தெரியலீங்க. நாளைக்குக்கூட இருக்கலாமுங்க."

க.கா.விடமும் கேட்டுப் பார்த்திருக்கிறான். அவர் தனபால் பெயரைக் கேட்டாலே எழுந்து பாத்ரூம் போகிறார். அதனால் தினமும் விடிவதற்குள் நாற்பதையும் தூக்கி வெளியே மாட்டுகிறான். காதுகுத்து, கல்யாணம், கோயில் ஒன்றுக்கும் மலையிறங்குவதில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் ஓடிவந்து பார்க்கிறானாம், செல்வி சொன்னாள்.

இன்று தபாலில் ஒரு உத்தரவு. அந்த அம்மாவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. இந்த சீசன் முடியும்வரை விசிட்டே கிடையாது. உறையைப் பிரித்தவள் நான். ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டேன்.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். போன் பைக்குள் இருக்கிறது.