தபசு நாளில் அளந்த தண்ணீர்

ஐப்பசி 20, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை. மாதிரி எடுக்கும் குப்பிகளைக் கழுவினேன். மூடி ஒன்றைக் காணோம், எலி இழுத்திருக்கும்.

இன்றைக்கு: மண்ணில் இறக்கிய அளவுக்குழாய்களில் நீர்மட்டம். சுப்பையா அண்ணாச்சி கிணற்றுத் தண்ணீர். உம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. (மறந்தாச்சு.)

அண்ணாச்சி கிணற்றுத் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டேன். ஊதா. குப்பி அழுக்கு என்று நினைத்து வேறொன்றில் விட்டேன். அதுவும் ஊதா. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிற தண்ணீர், அதற்குள் குரோமியம்.

அங்கே வரவே கூடாது. மூடிப்போன முலாம் பட்டறையின் விஷம் மண்ணுக்கடியில் கிழக்கே, ஊர்க் கிணற்றைப் பார்த்துப் போகிறது. அதை மறிக்கத்தான் நான் வரைந்த இரும்புச் சுவர். ஆழமாகத் தோண்டி, மணலும் இரும்புத்தூளும் கலந்து நிரப்பியது. தண்ணீர் ஊடே போய்விடும், விஷம் இரும்பில் நின்றுவிடும். அண்ணாச்சி கிணறு சுவருக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது. வரைபடத்தில் விஷம் அந்தப் பக்கமே போகாது.

சுவருக்கு இடம் அவர் தந்தது. காய்க்கிற எலுமிச்சை ஒரு வரிசையைத் தன் கையாலேயே வெட்டினார். தண்ணிக்கே வேலி போடுதியளோ என்று கேலி வேறு. அன்றைக்குச் சிரித்தேன்.

குடிக்காதீங்க, லேப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை கேன் தண்ணீர் என்றேன். சரிம்மா என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் மனுஷன்.

ஐப்பசி 21, வெள்ளி

தூறல், பத்து நிமிஷம்கூட இல்லை. பஸ்ஸில் பின்னால் ஒருத்தி: "இந்த வருஷமும் மானம் ஏமாத்திட்டுடி."

தோட்டத்தில் அண்ணாச்சி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதே தெற்குக் குழாயில் அளந்தேன். மட்டம் கீழே, கீழே. அளவு நாடா தப்போ என்று உதறிப் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் சுவர் வரைய நான் அளந்தது ஆடித்தபசுத் திருவிழா நாட்களில். சுற்றுவட்டாரமே கோமதியம்மனைப் பார்க்கச் சங்கரன்கோவிலில். அண்ணாச்சியும் அவர் வீட்டு அக்காவும் மண்டபத்தில் தங்கல். ஒரு மோட்டாரும் ஓடவில்லை. மட்டம் ஆடாமல் நிற்கிறதே, அளக்க வசதி என்று சந்தோஷப்பட்டேன். கிறுக்கச்சி. அன்றைக்குத் தண்ணீர் நேராகக் கிழக்கே போனது. மற்ற நாளெல்லாம் அண்ணாச்சி மோட்டார் இழுக்கிறது, சுவரின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு அவர் கிணற்றுக்கே வருகிறது.

ஊரே தபசு பார்க்கப் போகும் நாளுக்கு மட்டும் என் சுவர் பிரமாதம்.

ஐப்பசி 23, ஞாயிறு

லேப் முடிவு வந்தது. அதேதான்.

சாப்பிடவில்லை. உம்மா போனில் திட்டினாள்.

வழி இரண்டு. சுவரைத் தெற்கே நீட்டுவது. மேலதிகாரியிடம் கேட்டேன், இந்தத் திட்டம் முடிந்தது, இனி ஒரு பிடி மண் தோண்ட முடியாது என்றுவிட்டார். இன்னொன்று, அண்ணாச்சி மோட்டாரை நிறுத்துவது. நிறுத்தினால் எல்லாம் சுவர் வழியே போகும். கிணறு மெல்லத் தெளியும். தண்ணீர் இல்லாமல் எலுமிச்சை மரங்கள்?

யா அல்லாஹ், இதை எப்படி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல?

ஐப்பசி 24, திங்கள்

வெயில். சொல்லிவிட்டேன்.

அக்கா டீ கொடுத்தாள், கேன் தண்ணீரில் போட்டது. அது தொண்டையில் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று கடகடவென்று சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் மோட்டார்தான் வெசத்தை இழுத்துட்டு வந்திருக்கு."

"மோட்டார் மேல தப்பில்ல அண்ணாச்சி. என் கணக்கு தப்பு."

"நிறுத்துனா ஊர்க் கெணறு?"

"தப்பிச்சிரும். உங்க கெணறும் தெளிஞ்சிரும்."

"கெணறு இருக்கும். தண்ணி எடுக்கக் கூடாது." தோட்டத்தைப் பார்த்தார். "நல்லாருக்கு மக்கா."

அக்கா எழுந்து உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவர் ஏசியிருந்தால் தேவலை. பஸ்ஸில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு அப்புறம் வந்தார்.

ஐப்பசி 26, புதன்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை.

மோட்டார் ஓடவில்லை. தெற்குக் குழாயில் மட்டம் ஏறியிருக்கிறது. வரைபடத்தில் போட்ட கோட்டின் மேலேயே தண்ணீர் போகிறது. சுவர் வேலை செய்கிறது. இதற்காக எத்தனை மாசம் அலைந்தேன்! சந்தோஷம் வரவில்லை.

மரவரிசைக் கடைசியில் அண்ணாச்சி. குடிக்க வாங்கிய கேனைச் சரித்து, செம்பில் பிடித்து ஒரு எலுமிச்சைக் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இலை சுருண்டுவிட்டது. நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர்தான் திரும்பிப் பார்த்தார்.

"நின்னா எப்படி? அளந்துக்கோ மக்கா. இனிமே இங்கன தெனமும் தபசுதான்."

அளந்தேன்.