சாச்சியின் மடியும் சிம்ராவின் சீட்டும்

மீர்சாகிப்பேட்டை, சென்னை
3.2.2025

என் கண்ணு ஆஃப்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சாச்சி எழுதுவது. நேற்று போனைப் படாரென்று வைத்தது நான்தான். நீ திரும்பக் கூப்பிட்டபோது சிக்னல் இல்லை என்று உன் சாச்சா சொன்னது பச்சைப் பொய். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் நிற்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பெருநாளுக்குக் குழந்தையோடு வருகிறாய் என்றதும் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். நீயோ, காரில் குழந்தை சீட் இருந்தால்தான் சிம்ரா ஏறுவாள் என்கிறாய். நம் வீட்டு வழக்கம் மறந்துபோச்சா? பிள்ளை முதல் தடவை தாய்வீட்டுக்கு வரும்போது சாச்சி மடியில்தான் வரவேண்டும். சிம்ராவுக்குச் சாச்சியாக உனக்குத் தங்கச்சி இல்லை, அதனால் உன் அம்மாவின் தங்கச்சியான எனக்குத்தான் அந்த உரிமை. உன்னையும் இந்த மடியில்தான் கூட்டிவந்தேன். விழுந்தாயா?

எனக்கென்று பிள்ளை இல்லை. இந்த ஒரு பயணத்துக்காகத்தான் அவள் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறேன். அதைப் போய் ஒரு பிளாஸ்டிக் சீட்டுக்கு விட்டுக்கொடு என்கிறாயே, நியாயமா?

கோபத்தோடும் துஆவோடும்,
அன்வரி சாச்சி

பெங்களூரு
10.2.2025

அன்புள்ள சாச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். சிக்னல் பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். சாச்சாவுக்குப் பின்னால் நீங்கள் முணுமுணுத்தது கேட்டது.

சாச்சி, உங்கள் மடியில் எனக்கு என்ன சந்தேகம்? சென்னை ரோட்டின் மேல்தான் சந்தேகம். சிம்ரா இப்போது எட்டு கிலோ. சாச்சா திடீரென்று பிரேக் போட்டால் அந்த எட்டு கிலோவைப் பிடித்து நிறுத்த உங்கள் கை போதாது, என் கையும் போதாது. உதவிக்கு இங்கே வந்திருக்கும் அம்மாவும், உங்கள் அக்காவாக இருந்தும், என் பக்கம்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவளை முதலில் வாங்கிக்கொள்வது நீங்கள்தான். ஆனால் சீட் இல்லாமல் அவளைக் காரில் ஏற்றமாட்டேன். இதை எழுதும்போது எனக்கும் அழுகை வருகிறது. சம்மதித்தால்தான் டிக்கெட் போடுவேன்.

உங்கள் ஆஃப்ரீன்

மீர்சாகிப்பேட்டை, சென்னை
20.2.2025

பிடிவாதக்காரி ஆஃப்ரீனுக்கு,

டிக்கெட்டைப் போடு. நான் தோற்றுவிட்டேன். எப்படி என்பதை உன் அம்மாவிடம் சொல்லாதே, காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

எட்டு கிலோதானே, என் கை பலத்தை உனக்குக் காட்டுகிறேன் என்று, அதே எடையில் சீரகச் சம்பா பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்கூடப் போடவில்லை. பனகல் பார்க் பக்கம் ஒரு ஸ்கூட்டி குறுக்கே வந்தது. சாச்சா பிரேக்கை மிதித்தார். வேகமாகக்கூடப் போகவில்லை, அந்த நெரிசலில் எங்கே வேகம்? பை என் கையை உதறிக்கொண்டு போய் எதிரே மோதிக் கிழிந்தது. என் நெற்றியும் இடித்தது. கார் முழுக்க அரிசி. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, யாருக்குக் கல்யாணம்? அட்சதை போட்டுகினு கீறே!" என்றார்.

சாச்சா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலடியில் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நம் பிள்ளையாக இருந்தால்?

அங்கிருந்து நேரே பாண்டி பஜார் போய் சீட் வாங்கினோம். முன் சீட்டில் மாட்டியாயிற்று. புது விருந்தாளிக்கு முன் இடம் கொடுப்பதுதானே மரியாதை? ரோட்டைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி வருவாள். அடியில் பஞ்சு மெத்தை, மேலே சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை. நானே தைத்தேன். சாச்சா படம் அனுப்புவார், பார்த்துவிட்டுப் பாராட்டு.

வீங்கிய நெற்றியோடு,
சாச்சி

பெங்களூரு
27.2.2025

என் செல்லச் சாச்சிக்கு,

நெற்றி எப்படி இருக்கிறது? இனிமேல் நீங்களும் பெல்ட் போடாமல் உட்காரக் கூடாது.

படம் வந்தது. சிம்மாசனம் மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், அதைக் கழற்றிப் பின் சீட்டில் வைக்கவேண்டும். முன்னால் ஏர்பேக் விரிந்தால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதுவே ஆபத்து. அவள் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். இந்த வயதில் கழுத்துக்கு அதுதான் பத்திரம். விருந்தாளி முதுகைக் காட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்பீர்கள், தெரியும்! சாச்சா மாட்டிய பிறகு நன்றாக ஆட்டிப் பார்க்கட்டும், அசையக் கூடாது.

மெத்தை வேண்டாம் சாச்சி. அது இருந்தால் பட்டை தளர்ந்துவிடும். தோளில் பட்டையைக் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். வெல்வெட்டை வீணாக்காதீர்கள், பெருநாளைக்கு அதில் அவளுக்கு ஒரு தொப்பி தையுங்கள்.

நான் முன்னால் சாச்சா பக்கத்தில் ஏறிக்கொள்கிறேன். பின்னால் அவள் பக்கத்து இடம் உங்களுக்கு.

ஆஃப்ரீன்

மீர்சாகிப்பேட்டை, சென்னை
9.4.2025

என் கண்ணு ஆஃப்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் சிம்ராவின் ஒற்றை சாக்ஸ் கிடைத்தது. தரமாட்டேன்.

நீ இருந்தபோது சொல்லக் கூச்சமாக இருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். சென்ட்ரலில் நீ அவளைச் சீட்டில் வைத்துப் பட்டையை மாட்டியபோது, காலி மடியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது என் முந்தானையை யாரோ இழுத்தார்கள்.

அவள் முதுகைக் காட்டியது உனக்கும் சாச்சாவுக்கும்தான். எனக்கு முழு முகமும் கிடைத்தது. வழியெல்லாம் என்னையே பார்த்தாள். என் மூக்குத்திக்குக் கை நீட்டினாள், கிடைக்காததால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். மவுண்ட் ரோடு சிக்னலில் சிரித்தாள் பார், நான் அங்கேயே கரைந்துவிட்டேன். நீ என் மடியில் வந்தபோது வீடு வரும்வரை உன் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சீட்டைக் கழற்றிப் பரணில் போடுகிறேன் என்று சாச்சா நிற்கிறார். நான் விடவில்லை. நேற்று மீன் வாங்க நொச்சிக்குப்பம் போகும்போதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். "என்னை டிரைவராவே ஆக்கிட்டியே, அன்வரி" என்றார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

சீக்கிரம் அவளைக் கூட்டி வா.

உன் சாச்சி,
அன்வரி