தாளில் நிற்கும் மாடு

செவ்வாய். மழை இன்னும் விடவில்லை.

தையல் மெஷின் லோனுக்குக் கையெழுத்துப் போட்டு ஆறு மாசம் ஆகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. எங்கள் மகளிர் குழுவில் எல்லார் நகலும் தலைவி ஷமீம் அக்கா பீரோவில்தான் இருக்கும். நேற்று என்னுடையதைக் கேட்டேன்.

"பத்திரமா வச்சிக்கினுதான இருக்கேன், உனக்கு இன்னாத்துக்கு அது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் ரோஷம். இன்று லோன் கொடுத்த கள்ளக்குறிச்சி ஆபீசுக்கே போய்விட்டேன். "கையெழுத்து போட்டவங்க கேட்டா நாங்க காப்பி தரணுங்க" என்று சொல்லி அங்கிருந்த சார் உடனே எடுத்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பும்போது கச்சிராயபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். கடன் எதற்கு என்ற இடத்தில் கறவை மாடு என்று இருந்தது. கறுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மற்றவர்கள் எல்லாரும் மாட்டுக்கு வாங்கினார்கள் என்று அக்கா எனக்கும் அதையே நிரப்பியிருக்கிறார். கீழே என் கையெழுத்து.

மாட்டைப் பார்க்கணும் என்று யாராவது வந்து நின்றால் எதைக் காட்டுவேன்?

கண்ணை மூடினால் அது வாசலில் நின்று அசைபோடுகிறது. கழுத்து மணிகூடக் கேட்கிறது. நாளைக் காலையில் ஆபீசுக்குப் போய் அதைத் தாளிலிருந்து எடுக்கச் சொல்லணும்.

பாவம், இந்த மழையில் எங்கே போகும்.