அத்தை படுத்திருக்கும் புகையிலை

பாலிகாரன், வெக்ஸ்ஃபோர்ட்
பாஸ்கு முடிந்த செவ்வாய், 1937

அன்பு மகள் எல்லனுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். சாகப்போகிறாள் என்று போன கடிதத்தில் நான் எழுதிய உன் அத்தையும் சுகம், கொஞ்சம் அதிகமாகவே சுகம். பாஸ்டனில் குளிர் விட்டதா, நெஞ்சுக்குக் கம்பளி போட்டுக்கொள்கிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறட்டுமா, அத்தை அதுவரை தாங்குவாளா என்று நீ கேட்டு எழுதிய கடிதம் தபசுக் காலத்தின் நடுவில் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள் சாகிறாளா இல்லையா என்று எனக்கே தெரியாதபோது உனக்கு என்னவென்று எழுதுவது. இப்போது தெரிந்துவிட்டது. முழுக்கதையும் எழுதுகிறேன், அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து வாசி.

ஜனவரியில் டாக்டர் ரோசிட்டர் வந்து அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைத் தொழுவத்துப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய், பிப்ரவரி முதல் தேதி பிரிஜித் திருநாளைத் தாண்டமாட்டாள் என்று சொன்னார். தொழுவத்தில் பேசினால் கேட்காது என்று அவர் நினைப்பு, உன் அத்தை ஸ்டேசியாவின் காதுக்குத் தொழுவம் ஒரு தூரமா. நான் உள்ளே கால் வைத்ததும், "என்னடா மைல்ஸு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? நாள் குறிச்சிட்டாரா? சரி, என் சாவு வீட்டுக்குப் புகையிலைக்கு என்ன பண்ணப் போற?" என்றாள். கடையில் நல்ல கட்டியாக வாங்கி, தட்டு நிறைய வெட்டி வைத்து, பக்கத்தில் புகை பிடிக்க மண் சுங்கானும் அடுக்கி வைக்கிறேன், ஊர் வழக்கத்துக்குக் குறை வைக்கமாட்டேன் அக்கா என்றேன். வந்ததே கோபம். "மோக் ரோச்சோட அம்மா சாவுக்குக் கடைக்கட்டியத்தான் வச்சாங்க. இழுத்தவன் பூரா இருமினான். கண்ணுல தண்ணி வந்தது செத்தவளுக்கா புகைக்கான்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது. என் பொணத்துக்கு முன்னால ஒருத்தனும் இருமக் கூடாது. நம்ம தோட்டத்து இலையில, என் கண்ணு முன்னால, நீ கட்டி போடு" என்றாள். சுங்கான் பிடிப்பதில் இந்தப் பங்கில் எந்த ஆம்பளைக்கும் அவள் சளைத்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசி அவளிடம் நான் ஜெயித்ததே இல்லை, சாகக் கிடப்பவளிடம் புதிதாகவா ஜெயிக்கப்போகிறேன்.

புகையிலைக் கம்பெனிக்குக் கொடுத்தது போக நல்ல இலையில் கொஞ்சம் களஞ்சியத்து உத்தரத்தில் ஒதுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், சுங்க வரிக்காரர்களுக்குத் தெரியாத இலை, இந்த வரியை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டாதே. அதை இறக்கி அவள் அறைக்கே கொண்டுவந்து, உடையாமல் வளைகிற பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, நடு நரம்பை உரித்தேன். உரித்த ஒவ்வொரு இலையையும் கையில் வாங்கி மோந்து பார்த்து, இது உள்ளே போகட்டும், இது மேல்சுற்றுக்கு என்று பிரித்தாள். நான் கொஞ்சம் கறுப்பு வெல்லப்பாகும் ஒரு கிளாஸ் கறுப்பு பீரும் கலந்து தடவப் பார்த்தேன். "பாகா? நான் என்ன மிட்டாயா புகைக்கப் போறேன்? சாவு வீட்டுக்கு வர்றவன் என்ன ஞானஸ்நானத்துக்கா வர்றான்?" என்று கத்தினாள், கத்தியதில் இருமல் வந்து, இருமலை அடக்க அந்த பீரைக் குடித்துவிட்டாள். சரி, பாகு பாதி, பீர் இன்னொரு கிளாஸ் என்று சமாதானம் ஆயிற்று. இலையை அடுக்கடுக்காக ஓக் பெட்டிக்குள் வைத்து, அகல இலையால் சுற்றி மூடி, மேலே பலகை வைத்தேன். பழைய ஆப்பிள் சாறு பிழிகிற திருகில் கொடுத்து இறுக்கினால், மரத்திருகு படார் என்று இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு போய் உன் அம்மாவின் மாதா சுரூபத்தின் மூக்கை உரசிக்கொண்டு விழுந்தது. மாதா தப்பித்தாள், நான் தப்பிக்கவில்லை, உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இனி என்ன செய்வது என்று நான் தலையில் கை வைத்து நின்றபோது உன் அத்தை படுத்தபடியே சொன்னாள், "ஏன்டா நிக்கிற? என் கட்டில் கால்ல வையி. அப்பா காலத்துக் கட்டில், ஆறு பேரு சேர்ந்தாத்தான் நகரும். நான் வேற மேல கெடக்கேன்." அப்படியே செய்தோம். தலைமாட்டுக் கால் ஒன்று பெட்டியின் பலகை மேல், மற்ற மூன்று கால்களுக்கும் செங்கல். இலை கறுக்க வேண்டும் என்று அடுப்பிலிருந்து சூடான கற்களைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து பெட்டியைச் சுற்றி வைத்தேன். கட்டில் இறங்குகிறதா என்று பார்க்கக் கட்டில் கம்பத்தில் அவளுடைய செபமாலையைத் தொங்கவிட்டோம், கம்பம் சாய்ந்தால் மாலை கம்பத்தைவிட்டு விலகி நிற்கும் என்பது கணக்கு.

ஆனால் பிரிஜித் திருநாளும் வந்து போனது, செபமாலை கம்பத்தோடு ஒட்டிக்கொண்டே நின்றது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் இலை மெத்தை மாதிரிப் பொதபொதவென்று இருந்தது. கட்டில் கனம்தான், ஆனால் அவள் தலைமாட்டுப் பக்கம் சருகு மாதிரிக் கிடந்தாள், மாதக் கணக்கில் கஞ்சியைத் தொடாத உடம்பு. பக்கத்து வீட்டு மோக் ரோச் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டேசியாக்கா, நீ காத்துக்குப் பறந்திருவ போல இருக்கே. ஒரு மூட்டை உருளைக்கிழங்கத் தூக்கி உன் பக்கத்துல போடட்டுமா?" என்று கேட்டான். "என் படுக்கையில உருளைக்கிழங்கா? கல்யாணமே வேணாம்னு இருந்தவ நான், கடைசியில கிழங்கு மூட்டையோட படுத்துக் கெடந்தான்னு ஊர் பேசணுமா? எனக்கு நானே போதும். ஜோஹானா, அந்த முட்டையக் கொண்டா" என்றாள். உன் அம்மா சமையலறையில் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள் எல்லன். அதுவரை ஒரு கரண்டி சூப்புக்கு நாங்கள் அவளிடம் எத்தனை கெஞ்சல் கெஞ்சியிருக்கிறோம். உயிர் பிழைக்கச் சாப்பிடு என்றபோது சாப்பிடாதவள் புகையிலைக்காகச் சாப்பிட்டாள்.

அதற்குள் சாம்பல் புதன் வந்து தபசுக் கால நோன்பு தொடங்கிவிட்டது. நாங்கள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமாகக் காய்ந்த ரொட்டியும் பால் இல்லாத தேநீருமாக இருக்க, அவள் கட்டிலில் சாய்ந்தபடி பன்றி இறைச்சியும் வெண்ணெயும் வாத்து முட்டையுமாக உள்ளே தள்ளினாள், நோயாளிக்கு விலக்கு உண்டு என்று ஃபாதர் ஃபர்லாங் சொல்லிவிட்டார். நான் சுங்கானையும் ஒறுத்தலாக விட்டிருந்தேன், அந்த வாசனைக்கும் இந்த வாசனைக்கும் நடுவில் நான் பட்டது மோட்சத்தில் எங்காவது குறிக்கப்பட்டிருக்கும். டாக்டர் இரண்டாவது தடவை வந்து, இந்தத் தபசுக் காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார். அவர் வாசலைத் தாண்டவில்லை, உள்ளே இருந்து குரல் வந்தது. "தபசுக் காலத்துல நான் சாகமாட்டேன். பாதிப் பங்குச் சனம் ஒறுத்தல்னு புகையிலைய விட்டுட்டு உக்காந்திருக்கும். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட கட்டிய எவன் இழுப்பான்?" ஃபாதர் ஃபர்லாங் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்தார், அவர் உடம்பு உனக்குத் தெரியும், கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணெயைத் திறந்ததும் கட்டில் கிறீச்சென்று ஒரு விரற்கடை இறங்கியது. சாமியார் பதறி எழுந்திருக்கப் போக, அத்தை அவர் அங்கியைப் பிடித்து இழுத்து, "எழுந்திருக்காதீங்க சாமி, அப்படியே உக்காருங்க, நல்லா எறங்குது" என்றாள். செபமாலை முதல் முறையாகக் கம்பத்தைவிட்டு விலகியது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் நற்கருணை கொண்டுவருகிற சாக்கில் சாமியார் வந்து உட்கார்ந்து ஒரு முழுச் செபமாலையும் சொல்லிவிட்டுத்தான் போவார், அவரும் புகையிலையை விட்டிருந்தார், செபத்துக்கு நடுநடுவே மூக்கு மட்டும் கீழே போகும். அவர் உட்கார உட்கார, இவள் சாப்பிடச் சாப்பிட, கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்க நானே ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். இருமல் எப்போது நின்றது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பாஸ்கு ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரும் மோக்கும் வீட்டுக்கு வந்தார்கள். கட்டிலை நெம்பித் தூக்கிப் பெட்டியை இழுக்க நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தள்ளுங்கடா என்று ஒரு கை கொடுத்தது யார் என்று திரும்பிப் பார்த்தால் உன் அத்தை, எழுந்து நிற்கிறாள். எதையாவது சொன்னால் படுத்துவிடுவாளோ என்று பயந்து, பெட்டியையே பார்த்துக்கொண்டு இழுத்தோம். கட்டி செங்கல் மாதிரி வந்திருந்தது மகளே, கன்னங்கரேல் என்று, ஓரத்தில் லேசாக எண்ணெய் மினுங்க. நான் கட்டைவிரலுக்கு எதிராகக் கத்தியை வைத்து மெல்லிசாகச் சீவினேன், இலை இலையாகப் பிரியாமல் ஒரே உடம்பாக வந்தது. உள்ளங்கையில் போட்டு நிதானமாகத் தேய்த்து, அடுப்புத் திண்டில் கொஞ்சம் உலரவிட்டு, அடியில் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் நிரப்பிப் பற்றவைத்தோம். முதல் தீ அணையும், அணையட்டும், அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைத்தால் பிறகு அது உன்னை அவசரப்படுத்தாது. உலர்ந்த திராட்சையும் மழை பெய்த பிறகு வைக்கோலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம், அதற்கு அடியில் நான் போடாத ஒரு இனிப்பு, அதிமதுரம் மாதிரி. மோக் கண்ணை மூடிக்கொண்டான், சாமியார் இரண்டாம் தடவை நிரப்பினார், ஒருவரும் இருமவில்லை. அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்கு அத்தை, "டாக்டர் குடுத்த இருமல் மருந்து. நீ திரும்புறப்பல்லாம் பெட்டிக்குள்ள ஊத்தினேன். காசு குடுத்து வாங்கினது வீணாப் போகலாமா?" என்றாள். டாக்டரோ தன் மருந்துதான் அவளைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், நாங்கள் மறுக்கவில்லை. அவள் தன் மண் சுங்கானைக் கடைசிவரை இழுத்துவிட்டுச் சாம்பலைத் தட்டி, "இவ்வளவு நல்லா வந்திருக்கிறத இனி ஒருத்தனும் தொடக் கூடாது. திரும்பக் கட்டில்கால்ல வையி. எல்லன் வரட்டும், என் ஞானமக, அவ கையால வெட்டித் தட்டுல வச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

இனிதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். அன்றைக்கே உன்னை வரச்சொல்லி எழுத உட்கார்ந்தேன். உன் முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று, உன் நாற்காலியில் பூனையைக்கூட நான் உட்காரவிடுவதில்லை. அப்போது உன் அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள், ஞாயிறு தோறும் உன் படுக்கையை வெயிலில் உலர்த்திப் போடுகிறவள் அவள். "என்னங்க, உங்க அக்கா பிரிஜித் திருநாளத் தாண்டினா, கட்டி ஆகலன்னு. தபசுக் காலத்தத் தாண்டினா, இழுக்க ஆள் இல்லன்னு. சொன்னா சொன்னபடி நிக்கிறவ. எல்லன் வந்து கட்டிய வெட்டிட்டா, அப்புறம் அவ எதுக்காக இருப்பா?" என்று கேட்டாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதனால் உன்னைப் பார்க்க ஏங்கிக் கிடக்கிற நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து எழுதுகிறோம், இந்த வருடம் வராதே. ஆனால் மாதம் தவறாமல் ஒரு கடிதம் போடு, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது, நான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, யாருக்குடா எழுதுகிறாய் என்று கேட்டாள். எல்லனை உடனே வரச்சொல்லி எழுதுகிறேன் அக்கா என்றேன். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. "அவசரப்பட்டு வரவேணாம்னு எழுது. கட்டி இன்னும் கொஞ்சம் எறங்கணும்" என்றாள்.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஈரக் காலோடு நிற்காதே, ஞாயிறு பூசையை விடாதே. அந்தக் கடிதத்தை மறந்துவிடாதே, பொய்தான் என்றாலும் நல்ல கையெழுத்தில் எழுது, நான் வாசித்து முடித்ததும் அவள் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

உன் அன்பு அப்பா,
மைல்ஸ் சின்னாட்