பத்தொன்பது ஸ்பாட்

பிப்ரவரி 21, வெள்ளி

பெருமுக்கல் போய் பூவிழிக்குப் போட்டி சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன். இது எதுக்கு, அது எதுக்கு என்று நூறு கேள்வி. யாருக்கு நேரம் இருக்கு? என் போன வருஷத்து செட்டிங்கை அப்படியே காப்பி செய்தேன். பத்து நிமிஷம்.

அவளுக்கு இது முதல் ஹாம் ரேடியோ போட்டி; ஒரே நாளில் உலகமெங்கும் யார் அதிக நிலையங்களோடு பேசுகிறார் என்பதுதான் கணக்கு. இணைய உதவி உள்ள பிரிவு. நான் இணையமே தொடாத பிரிவு — இருபத்துநாலு மணி நேரமும் காதை மட்டும் நம்பி. மூன்று வருஷமாக இரண்டாவது இடம். இந்தத் தடவை விட மாட்டேன்.

பிப்ரவரி 22, சனி

காலை ஐந்தரைக்கு ஆரம்பம். ஆன்டெனாக் கம்பியை உப்பளத்தில் கட்டியிருக்கிறேன்; அந்த ஈரத்தில் சிக்னல் எவ்வளவோ தூரம் போகிறது. ஆனால் உப்பளக்கார அந்தோணிசாமி அண்ணன் பாத்திக்குத் தண்ணீர் விட்டதும் ஆன்டெனா டியூன் மாறிவிட்டது. கத்தினேன்.

"ஏம்பா, உன் கம்பிக்காக உப்பு வெளைய வேணாம்னு சொல்லணுமா?"

பூவிழியிடம் மணிக்கு ஒரு தடவை ரேடியோவில் என்னைக் கூப்பிட்டு சிக்னல் எப்படி என்று சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் லாக்கில், பேசிய நிலையங்களைக் குறிக்கும் பதிவில், எழுதுகிறாளாம். மறுபடி பேசினால் புள்ளி கிடையாது என்றால், "பேசினா எழுதணும்னு நீதான சொன்ன" என்கிறாள்.

மாலை — ஜப்பான், இத்தாலி, பிரேசில், வரிசையில் நிற்கிறார்கள். இவ்வளவு கூட்டம் எனக்கு வந்ததே இல்லை. ஆன்டெனா அப்படி!

பிப்ரவரி 23, ஞாயிறு

1,412 நிலையம். ரிசல்ட் வர மாசக்கணக்காகும், ஆனால் முதலிடம் எனக்குத்தான். தூங்கப் போறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பூவிழி போன். அழுகிறாளா, திட்டுகிறாளா, தெரியவில்லை. போட்டிக் குழு அவளுக்கு மெயில் அனுப்பியிருக்கிறது: உலகமே பார்க்கிற ஸ்பாட் பட்டியலில், 'இவர் இந்த அலைவரிசையில் இருக்கிறார்' என்று ஒரே நிலையத்தைப் பத்தொன்பது தடவை அறிவித்திருக்கிறீர்கள். நண்பருக்கு ஆள் சேர்த்தீர்களா? ஐந்து நாளில் விளக்கம் வராவிட்டால் உங்கள் லாக் ரத்து.

அந்த நிலையம் நான்.

"எதையாவது அமுக்கியிருப்ப" என்றேன்.

"நான் ஒண்ணும் அமுக்கல முஜீப். நீ குடுத்தது குடுத்தபடிதான் இருக்குது. வந்து பாரு."

பிப்ரவரி 28, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக பைக்கில் போனேன். 'லாக் செய்ததும் தானாக ஸ்பாட் அனுப்பு' — டிக். என் டிக். போன வருஷம் வேறொரு போட்டியில், இணைய உதவிப் பிரிவில் ஆடியபோது போட்டது. மணிக்கு மணி அவள் என்னை எழுத எழுத, அது ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டம் ஆன்டெனாவுக்கு வந்ததில்லை.

"பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துட்டேன். ஏன் சொல்லல? எனக்குத்தான் மெயிலே வரலையே. தெரியாம நடந்துடுச்சுன்னு அவளே எழுதினா விட்டுடுவாங்க — விடுவாங்களா? என் பேரு மேலயே இருக்கும். சே. என்ன ஆளுடா நான்?

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. காலையிலேயே குழுவுக்கு எழுதினேன். நாலு வரி. செட்டிங் என்னுடையது. மணிக்கொரு தடவை கூப்பிடச் சொன்னது நான். அவளுக்கு எதுவும் தெரியாது. என் லாக்கைப் போட்டியில் சேர்க்காதீர்கள். அனுப்புகிற பட்டனை அமுக்க முக்கால் மணி நேரம்.

பூவிழிக்கும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையே தெரியும்ல உனக்கு?"

போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

ரிசல்ட். பூவிழி நாலாவது. என் கால்சைன், அதாவது என் நிலையத்தின் பெயர், கடைசிப் பக்கத்தில், புள்ளி இல்லாதவர்களோடு.

பாத்தியில் ஒரு அளவுக்குச்சி நட்டேன். தண்ணீர் ஏறினால் நானே பார்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்தோணிசாமி அண்ணன் சிரிக்கிறார்.

சாயங்காலம் சும்மா ரேடியோவைப் போட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரல்.

"நல்லா கேக்குது முஜீப். இதை லாக்ல எழுதல."