டீச்சருக்குக் கொடுத்த டப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நலம். அங்கே நீங்களும் அண்ணனும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். விடுதி அறையில் என்னோடு இருக்கும் நர்ஸ் தூக்கத்தில் யாரையோ அதட்டுகிறாள். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

அளவு விஷயங்களைப் போனில் பேசுவதில்லை என்பது நம் வழக்கம் ஆயிற்றே, அதனால் எழுதுகிறேன். பார்லர் மேஜையில் நின்று நீங்கள் "எத்தன கிராம்?" என்று கேட்டால், முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதோடு ஒரு பாட்டில் வருகிறது. நாம் வீட்டில் செய்யும் முகக் கிரீமில் பூசணம் பிடிக்காமல் இருக்க இத்தனை வருடம் பாரபென் பொடி போட்டோம் அல்லவா, இனி அதற்குப் பதில் இதுதான். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாரபென் பொடியைக் கொதிக்கிற தண்ணீரிலேயே போடுவீர்கள். இதை அப்படிப் போட்டால் வீரியம் போய்விடும். பானை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். உங்கள் கை பழைய பழக்கத்தில் முந்திக்கொள்ளும் என்பதால் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பெரிய கடைக்காரர்களின் கொள்முதல் மேலாளரைப் பார்த்தேன். ஊர் ஊராகக் கிளைகள் அவர்களுக்கு. முதலில் அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நம் பக்கத்துத் தெரு கணக்கு டீச்சர் கதையைச் சொன்னேன். நம் கிரீம் பூசி அவருக்கு இமை வீங்கியது, தோல் டாக்டர் சோதித்துப் பார்த்து பாரபென் ஒத்துக்கொள்ளவில்லை என்றது, சண்டைக்கு வராமல் அந்தச் சீட்டை நம்மிடம் காட்டி, "நான் வேற கடைக்குப் போக மாட்டேன், நீங்க மாத்துங்க" என்று அவர் உட்கார்ந்துகொண்டது, எல்லாவற்றையும். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மாதக் கடைசிக்குள் ஒரு டஜன் மாதிரி டப்பா கேட்டிருக்கிறார். இது மட்டும் அமைந்தால் பின்கட்டு அடுப்பிலிருந்து உங்களுக்கு விடுதலை.

முதல் டப்பா டீச்சருக்குத்தான்.

உங்கள் வாண்டு

பிப்ரவரி 19

செல்ல வாண்டுக்கு,

அடிக்கோட்டைப் பார்த்தேன். உனக்கு ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளுக்கே பாடம் நடத்துகிறாய். நடத்து, நடத்து.

டஜன் டப்பாவும் இன்று கூரியரில் கிளம்பிவிட்டன. லேபிள் ஒட்டியது உன் அண்ணன். "பாரபென் இல்லை" என்ற பச்சை எழுத்து ஒரு டப்பாவில் மேடு ஏறுகிறது, இன்னொன்றில் பள்ளத்தில் இறங்குகிறது. கேட்டால், "கைல செஞ்சதுன்னு தெரிய வேணாமா?" என்று என்னையே மடக்குகிறார். நேராக இருந்ததை எல்லாம் பொறுக்கி உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

டீச்சருக்கு நானே போய்க் கொடுத்தேன். வாசலிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இனிமே பயப்படாம பூசலாம்ல?" என்றார். பூசலாம் என்றேன்.

நடுவில் பானைக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போயிற்று. கைவைத்தியம் பார்த்துத் தேற்றிவிட்டேன். நீ அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது.

அண்ணி

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

டப்பாக்கள் பத்திரமாக வந்தன. மேலாளர் புறங்கையில் தடவிப் பார்த்து, பக்கத்து மேஜைப் பெண்ணையும் தடவச் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓர் உறுதிமொழித் தாள் நீட்டினார்கள். இதில் எந்த வகைப் பாரபெனும் கலக்கவில்லை என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவர்களுடைய ஆய்வகத்தில் சோதிப்பார்களாம்.

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உங்கள் கடிதத்தில் இருந்த அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. கைவைத்தியம் என்றால் என்ன அண்ணி? பானைக்கு என்ன ஆயிற்று? என்ன போட்டீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வாண்டு

பிப்ரவரி 28

வாண்டு,

நீ கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

என் கை முந்திக்கொண்டது. அடுப்பை அணைத்த கையோடு, பழைய பொடியைப் போடுகிற மாதிரியே உன் பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். ஊற்றி முடித்த பிறகுதான் அடிக்கோடு ஞாபகம் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஜன்னலோரம் வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. பானையில் இருந்தது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்ட மாதிரி டப்பாக்கள் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. உன் பாட்டிலிலும் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அலமாரிக்குப் பின்னால் பழைய பாரபென் பொடி இருந்தது. பானையை மறுபடி சூடாக்கி அதைப் போட்டுவிட்டேன். வழக்கமாகப் போடுவதில் பாதிதான் போட்டேன். உனக்கு அனுப்பியதும் டீச்சருக்குக் கொடுத்ததும் அந்தப் பானையில் இருந்ததுதான்.

நீ அங்கே தலைகுனியக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இப்போது டீச்சருக்கு இரண்டு இமையும் வீங்கிவிட்டன வாண்டு. சுண்ணாம்புத் தூசு என்று நினைக்கிறார். வகுப்புக்கு முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு போகிறார். எரிச்சல் அடங்கட்டும் என்று நம் கிரீமையே இன்னும் அதிகமாகப் பூசுகிறார். நேற்று நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துப் பூசினார். "இது ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்குது" என்றார். நான் அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யட்டும், சொல்.

அண்ணி

மார்ச் 3

அண்ணிக்கு,

திட்ட மாட்டேன் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பூசணம் பிடித்த பானையைக் கொட்ட மனசு வரவில்லையா உங்களுக்கு? ஒரு போன் போட்டு "வாண்டு, கெட்டுப்போச்சு" என்று சொன்னால் நான் ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கியிருக்க மாட்டேனா? என் கையெழுத்து அவர்களிடம் இருக்கிறது. பொய்யின் கீழே என் பெயர்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மாதிரி டப்பாக்களில் மூடி கசிகிறது என்று சொல்லித் திரும்ப வாங்கிவிட்டேன். புது டஜன் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பாட்டில் அனுப்புகிறேன். ஆற வைத்து, ஒழுங்காகச் செய்து, உடனே அனுப்புங்கள். ஆய்வகத்துக்கு அதுதான் போகும்.

டீச்சரிடம் இன்றைக்கே போங்கள். மூடி சரியில்லை என்றே அவரிடமும் சொல்லி அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வாருங்கள். புதியது செய்ததும் கொடுத்தால் போகிறது. கிரீம் நின்றால் வீக்கம் தானாக வடியும். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அவருடைய ஆசிரியர் அறை முழுக்க நம் வாடிக்கையாளர்கள். ஒருவர் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒப்பந்தம் முடியட்டும். நானே வந்து டீச்சர் காலில் விழுகிறேன்.

இது ஒன்றையாவது நான் சொன்னபடி செய்யுங்கள் அண்ணி.

வாண்டு

மார்ச் 9

வாண்டுக்கு,

நீ சொன்னபடி செய்யத்தான் போனேன். மூடி கதையைச் சொன்னேன். டீச்சர் தடவித் தடவி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஒரு கண் முழுக்க மூடிவிட்டது, இன்னொன்று கீற்றாகத் தெரிகிறது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு பிரிக்காமலே மேஜையில் கிடந்தது.

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர் சும்மா இருக்காமல் டாக்டரிடம் போய் வந்ததைச் சொன்னார். டாக்டர் கிரீமைப் பற்றிக் கேட்டாராம். இவர் லேபிளைக் காட்டியிருக்கிறார். "அப்ப இது இல்ல. வேற ஏதோ உள்ள இருக்கு" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் சர்க்கரை ஏறும் என்றும் சொல்லியிருக்கிறார். டீச்சருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, உனக்குத் தெரியும். மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

நாம் ஒட்டிய லேபிளை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதுகிறார் வாண்டு. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. வாசலில் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "இது எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். அவர் இமை வீங்கின அன்றே சந்தேகப்பட்டேன் என்றேன்.

"போடும்போது புத்தி தடுமாறிப் போட்டீங்க. சரி, புரியுது. தெரிஞ்சப்புறமும் வந்து உக்காந்து டீ குடிச்சீங்களே. நான் உங்க கண்ணு முன்னாடிதானே பூசினேன்?"

டாக்டரிடம் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், நீங்க போங்க என்றார். இருந்தாலும் அவர் தெருவைக் கடக்க முடியாமல் நின்றபோது பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. விஷயம் தெரிந்ததும் டாக்டர் அந்த மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்.

ஆசிரியர் அறையிலிருந்து நான்கைந்து டப்பா திரும்பி வந்திருக்கிறது. வரட்டும்.

ஆற வைத்துச் செய்த டஜனை இன்று அனுப்புகிறேன். சுத்தமான சரக்கு. கூடவே உன் மேலாளருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். முதல் டஜனில் பாரபென் கலந்தது நான், அது உனக்குத் தெரியாமல் நடந்தது, கையெழுத்துப் போட்ட பெண்மேல் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ தடுத்திருப்பாய்.

கோபித்துக்கொள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அண்ணி

மார்ச் 15

அண்ணி,

மேலாளர் உங்கள் கடிதத்தை என் முன்னால் மேஜையில் விரித்து வைத்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இது எல்லா இடத்துலயும் நடக்கிறதுதாம்மா. சரக்கு நல்லா இருக்கு. ரெண்டாவது டஜனைச் சோதிக்கச் சொல்லிட்டேன், பாஸ் ஆயிடும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு உங்கள் கடிதத்தை விரலால் தட்டிச் சொன்னார். "தப்பு பண்றவங்களை வெச்சு சமாளிச்சுடலாம். அதைக் கடுதாசி போட்டு ஊருக்குச் சொல்றவங்களை வெச்சுத் தொழில் பண்ண முடியாது. உங்க அண்ணி இதுல இருக்கக் கூடாது."

அவர்களுக்குத் தெரிந்த தொழிற்சாலையில்தான் இனி கிரீம் செய்வார்களாம். ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரிய எஃகுப் பாத்திரங்கள், சூட்டைக் காட்டும் கருவி, எல்லாம் உண்டு. நான் அங்கே மேற்பார்வை. டப்பாவில் தயாரிப்பு என்று என் பெயர் மட்டும் வரும். வீட்டில் நம் கிரீமின் பெயரில் நாம் இனி எதுவும் செய்யக் கூடாது, விற்கக் கூடாது. சாயங்காலத்துக்குள் பதில் கேட்டார்.

அவர்கள் கட்டடத்தின் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்குப் போன் செய்ய நம்பரைக்கூட அழுத்தினேன். பார்லரில் ஆள் இருப்பார்கள் என்று வைத்துவிட்டேன். அது சாக்கு. நீங்கள் "ஒத்துக்கோ வாண்டு" என்று சொல்லிவிடுவீர்கள், அப்புறம் காலத்துக்கும் விட்டுக்கொடுத்த பெருமையும் உங்களுக்கே போய்விடும் என்று பயமாக இருந்தது. எனக்கு உங்கள்மேல் அவ்வளவு கோபம் அண்ணி. என்னைக் கேட்காமல் கெடுத்தீர்கள், என்னைக் கேட்காமலே சரிசெய்தீர்கள். இரண்டுமே எனக்காக என்கிறீர்கள். நான் எங்கே இருக்கிறேன் இதில்?

சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். மீதி லேபிள்களை எரித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

மார்ச் 20

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் வந்தது. மனசு வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் லேபிள் மாதிரி ஆகிவிடும். ரொம்ப வலித்தது. நீ கேட்டது நியாயமான கேள்வி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், இரண்டு தடவையும். நல்லதோ கெட்டதோ, உன்னைக் கேட்டுச் செய்யும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. நீ வளர்ந்துவிட்டாய் என்பதை இந்த வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். லேபிளை எரித்தார். வாயைத் திறக்காமல் எரித்தார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன் பாட்டிலையும் அளவுத் தாளையும் கூரியரில் அனுப்பிவிட்டேன். பார்லர் ஓடுகிறது. முடி வளர்வது நிற்காதவரை எனக்குச் சோற்றுக்குக் கவலை இல்லை. தொழிற்சாலையில் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை பார். முதல் மாதம் உனக்கு மலைப்பாகத்தான் இருக்கும், அப்புறம் நீயே அவர்களை விரட்டி வேலை வாங்குவாய்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மேலாளர் சொன்னது இருக்கிறது. பாத்திரங்கள் என்ன ரகம், தொழிற்சாலை ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்பதுவரை இருக்கிறது. என்மேல் உள்ள கோபமும் இருக்கிறது. டீச்சருக்குக் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

கேட்டு எழுது. அன்றைக்கே பதில் போடுகிறேன்.

அண்ணி