இரண்டாம் முறை எடுத்த நீர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மன்னார்குடி பஸ் தாமதம். வழியெல்லாம் சம்பா நடவு வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

ஆஸ்பத்திரி லேபில் முதல் வேலை: வார்டிலிருந்து வந்த முதுகுத் தண்டுநீர். வளர்மதி, வயது முப்பத்து நான்கு, சீர்காழிப் பக்கம் கடலோர ஊர், மீன் வியாபாரம். சில வாரமாகத் தலைவலி, காய்ச்சல். இப்போது நினைவு தடுமாறுகிறது. மூளை உறையில் காசநோய் என்று சந்தேகம்.

வார்டு டாக்டர் இளங்கோ போன் செய்தார். "மருந்து ஆரம்பிச்சிட்டேன். ஆனா இவங்க முன்னாடி ஒரு தடவ டிபி மாத்திரைய பாதியில விட்டவங்க. இதே மருந்து இப்ப கேக்குமான்னு தெரியணும்."

என் பிஎச்.டி. ஆய்வின்படி ஒரே நீரை மூன்றாகப் பிரிக்க வேண்டும். சாயமிட்டு மைக்ரோஸ்கோப், மரபணு சோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். எது எவ்வளவு கண்டுபிடிக்கிறது என்ற ஒப்பீடு. வந்திருப்பதோ குழாயின் அடியில் கொஞ்சம். மூன்றாகப் பிரித்தால் மூன்றும் பட்டினி.

பிரிக்கவில்லை. முழுவதையும் மரபணு சோதனைக்கே போட்டேன். மருந்து கேட்குமா என்பதையும் சீக்கிரம் சொல்வது அது ஒன்றுதான்.

மாலை: கிருமி இல்லை.

நவம்பர் 5, புதன்

மழை வலுத்துவிட்டது. குடையை நேற்று லேபிலேயே மறந்துவிட்டு, நனைந்து வந்தேன்.

'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மூளை உறைக் காசநோயில் கிருமி மிகக் குறைவு. நீர் கூடுதலாக இருந்தால் அகப்படலாம். இளங்கோவிடம் சொன்னேன். மறுபடி எடுக்க அவர் தயார். ஸ்கேனும் பார்த்தாயிற்று, மறுபடி ஊசி குத்தத் தடையில்லை. வளர்மதியின் கணவர் கலியமூர்த்திதான் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

"நீங்களே வந்து பேசுங்களேன்" என்றார் இளங்கோ.

நான் வார்டுக்குப் போவதே இல்லை. எனக்குத் தெரிந்தது குழாய்கள் மட்டும். போனேன். வளர்மதி கண்ணை மூடிப் படுத்திருந்தார். கழுத்து விறைத்திருந்தது. கலியமூர்த்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புயல் எச்சரிக்கை, கடலுக்குப் படகு போகவில்லையாம். வந்ததிலிருந்து இங்கேயேதான்.

"முதுகுல குத்தினா கால் விளங்காம போயிடும்ங்கிறாங்க மேடம்."

"அப்படி ஆகுறது ரொம்ப அபூர்வங்க. தலைவலி வரலாம், ரெண்டு நாளைக்கு முதுகு வலிக்கலாம்."

"மொதல்ல எடுத்த தண்ணி எங்க?"

"சோதனைக்குப் போட்டாச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கம்பியை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "பத்தாதுன்னு தெரிஞ்சா அப்பவே இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

என்னையே பார்த்தார். "சரி, எடுங்க. இந்தத் தடவ பத்துற மாதிரி எடுங்க."

நவம்பர் 6, வியாழன்

சாப்பாட்டுக்கு முன்பே நீர் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி தெளிவு. குழாய் நிறைய. இதைப் பிரிக்கலாம்.

மைக்ரோஸ்கோப்: ஒன்றும் இல்லை. கண் வலிக்கும்வரை பார்த்தேன்.

மரபணு சோதனை: இருக்கிறது. குறைவாக, ஆனால் இருக்கிறது. முக்கியமான மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. அதே மருந்தைத் தொடரலாம்.

கல்ச்சர்: வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இளங்கோவுக்குப் போன். மறுமுனையில் பெருமூச்சு. "அப்பாடா."

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயப்போட்டேன். தயிர் வாங்க வேண்டும்.

ஒரே நோயாளி, ஒரே சோதனை, ஒரே மெஷின். ஒரு நாள் 'இல்லை', ஒரு நாள் 'இருக்கிறது'. மாறியது நீரின் அளவு ஒன்றுதான். எந்தச் சோதனை மேல் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நீர் வந்தது என்று எந்தக் குழாயிலும் குறித்து வைக்கவில்லை. ஒப்பீட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வு கைடுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வார்டுகளுக்குச் சொல்ல வேண்டியது: கூடுதலாக எடுங்கள், முதல் தடவையே.

நவம்பர் 12, புதன்

வளர்மதி கண் விழித்தாராம். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையாம். மனிதர் வராந்தாவுக்குப் போய் அழுதார் என்று இளங்கோ சொன்னார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடி மழை. கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கிறது. மரபணு சோதனை சொன்னது சரி. இதற்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

மாலை வார்டுக்குப் போனேன், யாரும் கூப்பிடாமல். வளர்மதி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நோயால் இடது கண் பார்வை மங்கல், திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை இன்னும் பல மாதம்.

கலியமூர்த்தி எழுந்து நின்றார். "இவங்கதான்டி ரெண்டாவது தடவ முதுகுல தண்ணி எடுக்கச் சொன்னவங்க."

வளர்மதி கிண்ணத்தை இறக்கி, நல்ல கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுது" என்றார்.